கமரா கண்ட பிறை

போர் முடிந்து நாலைந்து வருடங்கள் போயிருக்கும். கற்பிட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற எங்கள் குறிஞ்சிப்பிட்டியில், ஒரு நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள், பொழுது சாய்கிற நேரம் இது நடந்தது. பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதத் தொடங்கும்போதே அன்றைக்கு அடித்த காற்றின் இரைச்சல் எனக்குக் காதில் கேட்கிறது.

நான் வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு படம் எடுப்பேன். ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது என் தங்கையின் கணவர். கட்டாரில் வேலை செய்கிறவர். முந்திய முறை லீவில் வந்தபோது, மூக்கு முன்னுக்கு நீளுகிற ஒரு கமராவைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "மச்சான், ஒரு நாளைக்கு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. ஊரப் பாக்காம இருக்க ஏலாம இரிக்கி" என்றார். அன்றிலிருந்து தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கிற குழாய் சுற்றுவது, களப்புத் தண்ணீரில் கொக்கு நிற்பது, கடைக்கு முன்னால் கழுதை படுத்திருப்பது என்று எதையாவது எடுப்பேன். கமராவிலிருந்து போனுக்குப் படத்தை மாற்ற எனக்குத் தெரியாது. அதனால் கமராவின் திரையைப் போனால் இன்னொரு படம் எடுத்து அனுப்பிவிடுவேன். அவர் அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாராம்.

எங்கள் அயல்வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், வாய் சும்மா இருக்காது. இங்கே ஆண்களைக் காக்கா என்றும் நானா என்றும் அழைப்போம், இரண்டும் அண்ணன்தான். "இந்த ஊர்ல மனிசருக்குப் போட்டோ இல்ல, கழுதைக்கு இரிக்கி. கழுதைக்கு அடையாள அட்டை எடுக்கப் போறீங்களா காக்கா?" என்று சந்தி முழுக்க என்னைக் கேலி செய்ய வைத்தவர் அவர்தான்.

அந்த வருடம் மச்சானுக்கு நோன்பு மாதத்தில் லீவு கிடைத்தது. ஆனால் திரும்பிப் போகிற டிக்கட் மாற்ற முடியாத நாளில் விழுந்துவிட்டது. இருபத்தொன்பதாம் நோன்புக்கு அடுத்த நாள் பின்னேரம் அவர் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். நோன்பு மாதம் இருபத்தொன்பது நாளாகவும் இருக்கும், முப்பதாகவும் இருக்கும். இருபத்தொன்பதாம் நாள் சூரியன் மறைந்த பிறகு மேற்கே தலைப்பிறை கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்த நாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. ஆகவே அன்று பிறை தெரிந்தால் மச்சான் பிள்ளைகளோடு பெருநாள் தொழுது, பகல் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போவார். தெரியாவிட்டால் பெருநாளன்று அவர் கட்டாரில் இருப்பார். அவருடைய கடைசி மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு பெருநாளுக்காவது வாப்பாவோடு இருந்தது கிடையாது. அவள் புது உடுப்பைக் காலையிலிருந்தே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கையோ, பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு முட்டை அடிப்பதா, நாளைய நோன்புக்கு விடியமுன் சாப்பிடுகிற சஹருக்குச் சோறு வைப்பதா என்று தெரியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

நானும் மச்சானும் அயல்வீட்டுக்காரரும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் கடற்கரைக்குப் போனோம். எங்கள் பள்ளிவாசல் மௌலவியும் வந்திருந்தார். சோளகக் காற்று அடிக்கிற காலம் அது. கடல் கொந்தளித்ததால் வள்ளங்களை எல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மீன்காரர்கள் தங்குகிற ஓலைக்கொட்டிலை நாங்கள் வாடி என்போம். அந்த வாடியில் ஆள் இல்லை. அதன் முன்னால் நட்டிருந்த நெட்டைக் கம்பின் நுனியில் ஒரு கிழிந்த துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே பார்த்தால் மேகம். கறுப்பும் சாம்பலுமாகக் கட்டிகட்டியாக ஓடிக்கொண்டிருந்தது.

பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்தோம். மணலிலேயே மஃரிப் தொழுதோம். தொழுது எழும்பியதும் நெற்றியில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் எல்லோரும் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிறை பார்க்கிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் "அந்தா!" என்பார். எல்லோரும் அவர் விரலைப் பார்ப்பார்கள். "அது மேகத்துட ஓரம்" என்பார் இன்னொருவர். பிறகு வேறொருவர் "இந்தா!" என்பார். அது கொக்காக இருக்கும்.

எனக்கு அன்றைய படம் இன்னும் எடுபடவில்லை. பின்னால் இருந்த மணல்மேட்டில் ஏறி நின்றேன். வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக, ஆளுக்கொரு திசையில் கை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் அந்த வாடிக் கம்பு, மேலே ஓடுகிற மேகம். நல்ல படம் என்று மனம் சொன்னது. கமராவைத் தூக்கி எடுத்தேன். எடுத்த கையோடு மேகம் இன்னும் இறங்கி வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் சொன்னார், "வாங்க போவம். நாளைக்கும் நோன்புதான்." ஓரிருவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். மச்சான் மட்டும் கடலைப் பார்த்தபடியே நின்றார்.

படம் கலங்கலாக வந்திருக்கிறதோ என்று பார்க்க நான் கமராவின் திரையைப் பெரிதாக்கினேன். தொப்பிகள் நன்றாக இருந்தன. கம்பு நன்றாக இருந்தது. கம்பின் நுனிக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக, இரண்டு மேகத்துக்கு நடுவில் ஒரு கீறல். இன்னும் பெரிதாக்கினேன். வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி, வெள்ளையாக, வளைந்து.

"பிறை!" என்று கத்தினேன். "பிறை இரிக்கி! வாங்க! ஓடி வாங்க!"

மேட்டில் ஏறிய கூட்டத்தில் நான் விழாமல் நின்றதே பெரிய விசயம். ஒரு கமராத் திரையை அத்தனை பேர் எப்படிப் பார்ப்பது? தலைக்கு மேல் தலை. "எங்க, எங்க?" "கைய எடுங்க நானா!" "சுப்ஹானல்லாஹ்!" என்று ஒரே சத்தம். அயல்வீட்டுக்காரர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"காக்கா, இது உங்கட கமராக் கண்ணாடியில ஒட்டின முடி."

எனக்குக் கோபமாக வந்தது. நேற்றைய படத்தைத் தட்டிக் காட்டினேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்த வெங்காயத் தோட்டம். வானத்தில் ஒரு கீறலும் இல்லை. முந்தின நாள் படத்தையும் காட்டினேன். அதிலும் இல்லை. ஒவ்வொரு நாளும் படம் எடுக்கிற கிறுக்கு அன்றைக்குத்தான் எனக்குக் கைகொடுத்தது. அயல்வீட்டுக்காரர் மூன்று படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப முடி இல்ல" என்றார். அவர் அப்படி ஒப்புக்கொண்டது எனக்குப் பிறை கண்டதற்குச் சமம்.

உடனே எல்லோருக்கும் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒருவர் மச்சானைக் கட்டிப்பிடித்தார். மச்சான் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கோ தலைக்குள் வேறு கற்பனை ஓடத் தொடங்கிவிட்டது. பள்ளி ஒலிபெருக்கியில் என் பெயர், கொழும்புக்கு என் பெயர், வானொலியில் எங்கள் ஊரின் பெயர். கழுதையைப் படம் எடுத்தவன்தான் நாட்டுக்கே பெருநாள் கொண்டுவந்தான் என்று நாளைக்குச் சந்தியில் கதைப்பார்கள்.

மௌலவி போனைக் கையில் எடுத்தார். பிறை கண்ட செய்தியை, பெருநாளைத் தீர்மானிக்கக் கொழும்பில் கூடியிருக்கிற ஆலிம்களுக்கு அவர்தான் அறிவிக்க வேண்டும். இலக்கத்தை அழுத்தப் போனவர், நின்றார். என்னைப் பார்த்தார்.

"நானா, ஒண்டு கேக்கணும். அங்க முதல் கேள்வியே இதுதான். நீங்க கண்ணால கண்டீங்களா?"

கமராத் திரையில் இருந்த அந்தக் கீறலைத் திரும்பவும் பார்த்தேன்.

நான் காணவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது தொப்பிகளை. அதையும் கமராவின் திரைக்குள்ளேதான் பார்த்தேன். வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேகம் விலகிப் பிறை எட்டிப்பார்த்த அந்தச் சின்ன இடைவெளியில், அதற்கு நேர் எதிரில் நின்றவன் நான். என் இரண்டு கண்ணும் ஒரு சின்னத் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அதென்ன கேள்வி மௌலவி?" அயல்வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கமரா யார்ட? காக்காட. பிடிச்ச கை யார்ட? காக்காட. அப்ப கண்டதும் காக்காதானே? சொல்லுங்க காக்கா, கண்டன் எண்டு!"

மௌலவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பிறைக்குச் சாட்சி வெறும் கண்தான். படம் சாட்சியாகாது" என்று மெதுவாகச் சொன்னார். திரும்பவும் என்னையே பார்த்தார்.

பிள்ளைகளே, ஆமாம் என்கிற ஒரு சின்ன 'ஓம்' போதும். அது பொய்கூட இல்லை என்று மனம் எனக்கு வக்கீல் மாதிரி வாதாடியது. பிறை உண்மையாகவே அங்கே இருந்தது. படமும் கையில் இருந்தது. பக்கத்தில் மச்சான் நின்றார். அவர் கமராவை என் கையிலிருந்து வாங்கி, அதன் திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகும் துடைத்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவருக்காக ஒரு சொல் சொன்னால் என்ன என்று தோன்றியது.

ஆனால் ஓர் ஊரே என் சொல்லை நம்பி நோன்பை விடப்போகிறது. காணாததைக் கண்டேன் என்று சொல்லி வாங்குகிற பெருநாளில் நான் எந்த முகத்தோடு தொழப்போவேன்?

"இல்ல மௌலவி" என்றேன். "கமராதான் கண்டது. நான் காணல்ல."

கூட்டத்தின் கலகலப்பு அப்படியே அடங்கியது. யாரோ "ச்சே" என்றார். மௌலவி போனைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

அப்போதுதான் மச்சான் கேட்டார்.

"மச்சான், நீங்க இதை எங்க நிண்டு எடுத்தீங்க?"

"இந்த இடத்திலதான். இந்தா, என்ட காலடி."

"அப்ப இந்த இடத்தில நிண்டு பாத்தா, பிறை இப்பவும் அந்தக் கம்புக்கு மேலதானே இரிக்கணும்? நாம எல்லாரும் சூரியன் விழுந்த இடத்தையே பாத்துக்கொண்டு நிண்டோம். படத்தப் பாருங்க, பிறை எவ்வளவு தெற்கால இரிக்கி எண்டு!"

மௌலவியின் கை சட்டைப்பையிலிருந்து திரும்பி வெளியே வந்தது. "எங்க பாக்கிற எண்டு தெரிஞ்சிக்கொள்ளப் படத்தப் பாக்கலாம். அதுக்குத் தடையில்ல" என்றார். "ஆனா கெதியாச் செய்யுங்க. பிறை இறங்கிக்கொண்டு போகுது. நேரம் இல்ல!"

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மூச்சும் வாங்கும். மேட்டிலிருந்து நான் வாடிக்கு ஓடினேன். கம்புக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த வள்ளத்தின் முதுகில் ஏறினேன். வாடியில் சாத்தியிருந்த நீளத் துடுப்பு ஒன்றை எடுத்துக் கம்போடு சேர்த்து மேலே நீட்டினேன். துடுப்பின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே எல்லோரும் பார்க்க வேண்டும், அதுதான் யோசனை. மேட்டில் மச்சான் கமராத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கட்டளை போட்டார். அவருக்குப் பின்னால் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று பார்க்க நெருக்கினார்கள்.

"இன்னும் மேல! இன்னும்! இடப்பக்கம்!"

நான் இடப்பக்கம் சாய்த்தேன்.

"அந்தப் பக்கம் இல்ல! எங்கட இடப்பக்கம்!"

அவர்கள் சொல்வது கேட்க வேண்டும் என்று நான் அவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அதனால் அவர்களுடைய இடது எனக்கு வலது. சோளகக் காற்று துடுப்பைப் பிடித்து இழுத்தது. காலுக்குக் கீழே வள்ளம் வழுக்கியது.

"காக்கா, ஆடாதீங்க! நீங்க ஆடினா பிறையும் ஆடும்!" இது அயல்வீட்டுக்காரர்.

"வந்து நீங்க பிடிங்க பாப்பம்!" என்று நானும் கத்தினேன்.

"நிப்பாட்டுங்க! அதுதான்! அப்பிடியே!" என்றார் மச்சான். "இப்ப இறங்கியிரிக்கும். நுனிக்குக் கீழயும் பாருங்க" என்றார் மௌலவி.

நான் பற்களைக் கடித்துக்கொண்டு துடுப்பைப் பிடித்திருந்தேன். தோள் எரிந்தது. எனக்கு முன்னால் மேட்டில் பதினைந்து முகம். எல்லாம் என் தலைக்கு மேலே ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருந்தன. இமைகூட வெட்டவில்லை. எனக்கு உள்ளே ஒரே துஆதான் ஓடியது. யா அல்லாஹ், ஒரு நிமிசம் மேகத்தை விலக்கு.

முதலில் மாறியது அயல்வீட்டுக்காரரின் முகம். அந்த வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கடலில் போகிற கண் அல்லவா, அது முந்திக்கொண்டது. அவர் கை உயர்ந்தது.

"அந்தா! அந்தா! நுனிக்குக் கீழ! மெல்லிசா!"

"ஓம்! ஓம்!" என்றார் இன்னொருவர். "கண்டன்! நானும் கண்டன்!" மௌலவி ஒரு கணம் கண்ணைச் சுருக்கினார், பிறகு "அல்லாஹு அக்பர்!" என்று உரத்துச் சொன்னார். மேட்டில் எல்லோரும் சேர்ந்து தக்பீர் சொன்னார்கள். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குதித்தார்கள். மச்சான் குதிக்கவில்லை. கமராவை மடியில் வைத்துக்கொண்டு மணலில் அப்படியே இருந்துவிட்டார். முகத்தைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி மேலே பார்த்தார்.

அந்த முகங்களை ஒரு படம் எடுத்திருந்தால்! ஆனால் என் கையில் கமரா இல்லை. துடுப்புதான் இருந்தது.

துடுப்பைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மேற்கே மேகம். சாம்பல் நிறத்தில் ஒரு திரை இழுத்து மூடியாகிவிட்டது. வள்ளத்திலிருந்து குதித்து மேட்டுக்கு ஓடினேன். "எங்க? எங்க?" என்று கேட்டேன். எல்லோரும் காட்டினார்கள். அங்கே ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் இல்லை.

"என்ன காக்கா, ஊருக்கே காட்டிப்போட்டு நீங்க காணல்லயா?" என்று அயல்வீட்டுக்காரர் கேட்டார். பகிடி பண்ணத்தான் தொடங்கினார். என் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்தி, என் தோளில் கையைப் போட்டார்.

மௌலவி அங்கேயே கொழும்புக்கு அழைப்பு எடுத்தார். அங்கிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம் உயர்ந்திருந்தது என்றெல்லாம் கேட்டார்களாம். எங்கள் அயல்வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று பதில் சொன்னதை அன்றுதான் கண்டேன். "ஓம் ஹஸரத். வடக்குக் கொம்புதான் உசரம். ஓம், வெறும் கண்ணால. கண்ணாடிகூட நான் போடுறதில்ல" என்றார்.

மௌலவி போனை என் பக்கம் நீட்டி, "நானா?" என்றார்.

"நான் காணல்ல மௌலவி" என்றேன். முதல் தடவை சொன்னபோது இருந்த கனம் இரண்டாம் தடவை இல்லை.

இரவு இஷாத் தொழுகை முடிந்து நாங்கள் பள்ளியிலேயே காத்திருந்தோம். எங்கள் ஊரிலும் வேறு சில இடங்களிலும் பிறை தென்பட்டதால் நாளை பெருநாள் என்று வானொலி சொன்னது. எங்கள் ஊர் என்றால் இந்தக் கரைப்பக்கம் என்றுதான் சொன்னார்கள், பெயரெல்லாம் சொல்லவில்லை. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. பள்ளி ஒலிபெருக்கியில் தக்பீர் தொடங்கியதும் ஒழுங்கை ஒழுங்கையாக, தெருத்தெருவாகப் பிள்ளைகளின் கூச்சல் கிளம்பியது. வீட்டுக்குப் போனால் மச்சானின் கடைசி மகள் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு கதிரைக்கு மேலே நிற்கிறாள். அடுப்படியில் தங்கை முட்டை அடிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் மச்சான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தொழுகைக்குப் போனார். பகல் ஒரே சஹன் தட்டில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டார். வட்டிலப்பத்தை மகள் ஊட்ட ஊட்ட வாங்கினார். பின்னேரம் வான் வந்தது. போகும்போது என் காதில், "மச்சான், படம் அனுப்புறத விட்டுடாதீங்க" என்றார்.

விடவில்லை. ஆனால் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் படம் எடுக்க முன்னால் கமராவைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பதை முதலில் என் கண்ணால் ஆறுதலாகப் பார்க்கிறேன். சில நாள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்று படம் எடுக்கவே மறந்துபோகிறது. அந்த நாளுக்கு என்னிடம் காட்டப் படம் இருக்காது. ஆனால் கண்டாயா என்று யாராவது கேட்டால், ஓம் என்று தயங்காமல் சொல்லலாம்.